சீரேசு நாதனுக்கு மங்களம் பாடியவர்

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் கல்யாண ஆராதனை முடிகிற நேரத்தில் போதகர் ஐயர் பாட்டு எண் சொல்ல மாட்டார். சபையாரும் புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள். ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்ததுமே பின்வரிசைப் பெண்கள் "சீரேசு நாதனுக்கு ஜெயமங்களம்" என்று எடுத்துவிடுவார்கள். அடுத்த அடி வருவதற்குள் கோயில் முழுவதும் பாடிக்கொண்டிருக்கும். என் ஆச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் நாற்பது கீர்த்தனைக்குமேல் மனப்பாடம். அதே ஆச்சிக்கு, ஐரோப்பிய மெட்டில் பாடும் பாமாலைப் பாட்டு ஒன்றுகூட முழுசாக வராது. இரண்டையும் வாழ்நாளெல்லாம் கேட்டவள்தான். ஏன் ஒன்று மட்டும் நாக்கில் ஒட்டியது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

அந்த மங்களத்தை எழுதியவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774 செப்டம்பர் 7-ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, 1864 ஜனவரி 24-ஆம் தேதி தஞ்சாவூரில் காலமானவர். மாயூரத்தில் முன்சீபாக இருந்து சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் பிள்ளை வேறு ஆள். அவர் கத்தோலிக்கர், இவருக்கு அரை நூற்றாண்டு இளையவர். இருவரையும் ஒருவராக்கிப் பேசுகிறவர்களை மேடைகளில் இன்றும் பார்க்கிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் சபைகளில் "பாட்டு பிறந்த கதை" சொல்லும் பழக்கம் உண்டு. ஒரு துக்கம், ஓர் இரவு, ஒரு கண்ணீர்த் துளி, அதிலிருந்து ஒரு பாட்டு. ஜான் நியூட்டன் கதையும் அப்படித்தான் வரும். புயலில் கப்பல் ஆடியது, அடிமை வியாபாரி மனம் திரும்பினார், 'அமேசிங் கிரேஸ்' என்ற ஆங்கில ஞானப்பாட்டு பிறந்தது என்று. உண்மையான கணக்கு வேறு. புயல் அடித்தது 1748-இல். அதற்குப் பிறகுதான் நியூட்டன் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவரானார். கடலை விட்டது 1754-இல், அதுவும் உடம்பு முடியாமல். பாட்டு 1773 புத்தாண்டு நாளில் ஓல்னி என்ற ஊரின் சபைக்காக எழுதப்பட்டது. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து, தான் அதில் இருந்ததற்காக வெட்கப்பட்டு அவர் சிறுநூல் வெளியிட்டது 1788-இல். புயலுக்கும் ஒப்புதலுக்கும் நடுவில் நாற்பது வருஷம் கிடக்கிறது. கதை சொல்கிறவர்கள் அந்த நாற்பது வருஷத்தை விழுங்கிவிடுகிறார்கள். சாஸ்திரியார் விஷயத்திலும் அப்படி ஒரு விழுங்கல் நடந்திருக்கிறது. அதைப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு முன்னால் தமிழில் கிறிஸ்தவப் பாட்டு என்ன நிலையில் இருந்தது? 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கி, ஜெர்மன் மெட்டிலேயே பாட வைத்தார்கள். அதில் பெரிய வேலை செய்தவர் பப்ரீஷியஸ். 1740-இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை வேப்பேரியில் பல்லாண்டு உழைத்து, வேதாகமத்தையும் நூற்றுக்கணக்கான பாட்டுகளையும் மொழிபெயர்த்தவர். கடைசிக் காலத்தில் பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, கடனுக்காகச் சிறை இருந்தவரும் அவர்தான். அவர் தமிழ் நல்ல தமிழ். சிக்கல் மெட்டில் இருந்தது.

ஐரோப்பிய மெட்டு அசையின் அழுத்தத்தைப் பார்க்கும். தமிழ் அசையின் அளவைப் பார்க்கும். நமக்குக் குறில் குறிலாகவும் நெடில் நெடிலாகவும் காதில் விழுந்தாக வேண்டும். மெட்டில் ஒரு நீண்ட சுரம் இருக்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் 'படும்' என்ற சொல்லின் முதலெழுத்து வந்து மாட்டினால், சபை பாடுவது 'பாடும்' ஆகிவிடும். 'வழி' 'வாழி' ஆகும், 'பலி' 'பாலி' ஆகும். புத்தகம் கையில் இருப்பவன் கண்ணால் பார்த்துச் சரிசெய்துகொள்வான். புத்தகம் இல்லாதவளுக்குப் பொருள் நழுவிவிடும். போதாததற்கு ஒவ்வொரு சரணமும் புதுச் சொற்கள், எங்கும் திரும்பி வந்து இளைப்பாற இடம் இல்லை.

கீர்த்தனை அப்படி இல்லை. பல்லவி ஒன்றை இரண்டு தரம் கேட்டால் யாரும் பிடித்துக்கொள்ளலாம். சரணத்தை முன்னால் இருப்பவர் பாட, சபை பல்லவிக்குத் திரும்பும். எதுகையும் மோனையும் அடுத்த சொல் எது என்று காட்டிக் கொடுக்கும். ஆச்சியின் நாற்பது கீர்த்தனைக்குக் காரணம் அவள் ஞாபகசக்தி மட்டும் இல்லை. பாட்டே ஞாபகத்தில் தங்கும்படி கட்டப்பட்டிருக்கிறது.

அந்தக் கட்டடக்கலையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தவர்களில் பெரியவர் சாஸ்திரியார். அவருடைய அப்பா தேவசகாயம், உபதேசியார். பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, திருநெல்வேலிக்கு வந்த ஸ்வார்ட்ஸ் ஐயர் அவனைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். ஸ்வார்ட்ஸ் சாதாரண மிஷனரி இல்லை. 1779-இல் கம்பெனியாரின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய் ஹைதர் அலியைச் சந்தித்தவர். தஞ்சை மன்னர் துளஜா தத்தெடுத்த பிள்ளை சரபோஜிக்குக் காப்பாளராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளாத அந்த ஜெர்மானியரின் நிழலில் இளவரசர் ஒருபக்கம், உபதேசியார் மகன் ஒருபக்கம் வளர்ந்தார்கள். மூன்று வயதுதான் வித்தியாசம். பிறகு வேதநாயகம் தரங்கம்பாடியில் வேதசாஸ்திரமும் பிற பாடங்களும் படித்து, பத்தொன்பது வயதில் தஞ்சாவூரில் ஆசிரியரானார்.

அவர் எந்த ஊரில், எந்தக் காலத்தில் எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனைகள் அப்போதுதான் ஊர் ஊராகப் பரவியிருந்தன. தியாகராஜர் திருவையாற்றில் இருந்தார். முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் அதே தலைமுறை. பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் அரசவையில் இருந்தார்கள். மராத்தியரோடு வந்த கீர்த்தன மரபு தஞ்சையில் காலட்சேபமாக உருமாறிக்கொண்டிருந்தது. காவிரிக்கரையில் காற்றே பாட்டாக இருந்த காலம். அந்தக் காற்றை மூச்சாக இழுத்த ஒரு வாலிபனைக் கோயிலுக்குள் உட்கார்த்தி ஜெர்மன் மெட்டு பாடு என்றால் எப்படி?

1800-இல், இருபத்தாறு வயதில், பெத்லகேம் குறவஞ்சியை முடித்தார். குறவஞ்சியின் அமைப்பு தமிழருக்குத் தெரிந்ததுதான். தலைவன் உலா வருவான். பந்தடிக்கும் தலைவி அவனைக் கண்டு மயங்குவாள். குறத்தி வந்து மலைவளம் சொல்லிக் கைபார்த்துக் குறி சொல்வாள். குறத்தியைத் தேடிக் குறவன் கண்ணியோடு வருவான். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி அதன் உச்சம். சாஸ்திரியார் அந்த மேடையைப் பலகை மாறாமல் எடுத்துக்கொண்டார். உலா வருபவர் பெத்லகேம் நாதர். காதலில் வாடுபவள் தேவமோகினி என்ற சீயோன் மகள், அதாவது சபை. குறி சொல்பவள் விசுவாசம். பறவை பிடிக்கிறவன் சுவிசேஷம் சொல்லும் உபதேசியார்.

இதில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் இடம் ஒன்று உண்டு. வானத்தைப் பாடும் இடத்தில் சாஸ்திரியார் பழைய பாட்டையே பாடியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ கோப்பர்னிக்கஸ் வழிவந்த வானசாஸ்திரத்தைப் பாட்டில் வைக்கிறார். தரங்கம்பாடிப் பள்ளியில் படித்த பூகோளமும் கோள்களும் குறவஞ்சிச் சந்தத்தில் ஆடுகின்றன. ஜனங்கள் உட்கார்ந்து கேட்கும் ஒரு பாட்டு வடிவத்தில், 1800-இல், தமிழில்! விஞ்ஞானத் தமிழ் பற்றிப் பேசும்போது நாம் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

குறவஞ்சியோடு அவர் நிற்கவில்லை. ஞான நொண்டி, ஞானத்தச்ச நாடகம், ஞான ஏற்றப்பாட்டு, சாஸ்திரக் கும்மி, ஆரணாதிந்தம், ஜெபமாலை என்று நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை அவர் பெயரில் கணக்கிடுகிறார்கள். பெயர்களைப் பாருங்கள்: நொண்டி, ஏற்றம், கும்மி. தண்ணீர் இறைக்கிறவன் பாட்டும் பெண்கள் கைகொட்டும் பாட்டும் அவருக்குப் போதுமான பாத்திரங்களாக இருந்தன. சாஸ்திரியார் என்ற பட்டமே வேதசாஸ்திரம் அறிந்தவர் என்பதால் வந்தது. வேதம் என்றால் அவருக்கு பப்ரீஷியஸின் வேதாகமம். கடவுளை பப்ரீஷியஸ் 'பராபரன்' என்று எழுதினார், சாஸ்திரியாரும் அப்படியே பாடினார். 1871-இல் பவர் என்ற மிஷனரியின் தலைமையில் வந்த வேதாகம மொழிபெயர்ப்பு 'தேவன்' என்று மாற்றியது. பழைய கீர்த்தனைகளில் 'பராபரன்' வரும் இடமெல்லாம் அந்த முந்தைய வேதாகமத்தின் குரல்தான்.

சரபோஜி அரியணை ஏறியது 1798-இல். ஸ்வார்ட்ஸ் இறந்ததும் அதே ஆண்டில்தான். அரசரானபின் சரபோஜி ஒருநாள் தன் இஷ்டதெய்வமான பிரகதீஸ்வரர் மேல் ஒரு பாட்டுப் பாடும்படி சாஸ்திரியாரைக் கேட்டார் என்றும், அவர் வீட்டுக்குப் போய் மனம் கலங்கி "இயேசுவையே துதிசெய் நீ மனமே" என்று பாடி வந்து நின்றார் என்றும் சபைகளில் வழிவழியாகச் சொல்கிறார்கள். வழிவழிக் கதை என்ற அளவில் அதை வைத்துக்கொள்வோம். இருவருக்கும் நடுவில் இருந்த உறவின் தன்மை அதில் சரியாகவே பதிந்திருக்கிறது. அரசர் சைவர், கடைசிவரை மதம் மாறவில்லை. புலவர் கிறிஸ்தவர், அவரும் அசையவில்லை. ஆனாலும் மிஷன் கைவிட்ட நாளில் புலவருக்குச் சோறு போட்டது அந்த அரண்மனைதான்.

மிஷன் ஏன் கைவிட்டது? கதை சொல்கிறவர்கள் வேகமாகத் தாண்டிப் போகும் இடம் இது.

1820-களில் தஞ்சாவூருக்குப் புதுத் தலைமுறை மிஷனரிகள் வந்தார்கள். ஸ்வார்ட்ஸ் காலத்துப் பொறுமை இவர்களிடம் இல்லை. கோயிலில் வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் பறையர் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் தனித்தனியே உட்கார்ந்தார்கள். திருவிருந்திலும் முன்பின் பார்த்தார்கள். புதியவர்கள் இதை ஒழிக்க முற்பட்டார்கள். கூடவே, கல்யாணத்திலும் சாவிலும் பூ வைக்கும் வழக்கங்களைத் தடுத்தார்கள். பப்ரீஷியஸின் வேதாகமத்தைத் திருத்தினார்கள். கோயிலில் தமிழ்ப் பாட்டு வேண்டாம் என்றார்கள்.

வேளாளரான சாஸ்திரியார் இந்த நான்கையும் நான்கு கொடுமைகளாக வரிசைப்படுத்தி எதிர்த்து எழுதினார். நான்கையும். வேதாகமத்தைத் தொடாதே, பாட்டை விரட்டாதே, பூவைப் பிடுங்காதே என்ற அதே மூச்சில், சாதிகளை ஒன்றாக்காதே என்றும் சொன்னார். சாதி என்பது லௌகீக வழக்கம், விசுவாசத்துக்கு அதனால் கெடுதல் இல்லை என்பது அவர் தரப்பின் வாதம். 1829-இல் மிஷன் வேலையை இழந்தார். சரபோஜி அவரை அரண்மனைப் புலவராக வைத்துக்கொண்டார். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக, முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூர்ச் சபையிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வெளியேறினார்கள். அந்தப் போராட்டத்தில் சாஸ்திரியார் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை.

நியூட்டனுக்கு 1788 வந்தது. சாஸ்திரியாருக்கு அப்படி ஓர் ஆண்டு வரவில்லை.

இதைப் பூசி மெழுகுகிறவர்கள் இரண்டு விதம். ஒருசாரார் "அவர் தமிழ்ப் பண்பாட்டுக்காகப் போராடினார், வெள்ளைக்காரர் பழிவாங்கினர்" என்று முடித்துவிடுவார்கள். மறுசாரார் "அவர் சாதி வெறியர், அவர் பாட்டு எதற்கு" என்பார்கள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. அன்று நடந்த தவறு இரு தரப்புக்கும் பொதுவானது என்றே நினைக்கிறேன். பாட்டையும் சாதியையும் இரு தரப்புமே ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். மிஷனரிகளின் கண்ணுக்கு ராகமும் பூமாலையும் தனிப் பந்தியும் எல்லாமே 'பழைய மதத்தின் வழக்கம்'. ஆகவே மூட்டையோடு வெளியே எறி. சாஸ்திரியாரின் கண்ணுக்கு எல்லாமே 'நம் வழக்கம்'. ஆகவே மூட்டையோடு காப்பாற்று. ராகம் வேறு, தீண்டாமை வேறு என்று பிரித்துப் பார்க்க அந்த அறையில் ஆள் இல்லை. பாட்டு விஷயத்தில் சாஸ்திரியார் சொன்னது முழுக்கச் சரி. சாதி விஷயத்தில் மிஷனரிகள் சொன்னது முழுக்கச் சரி. ஒருவர் சரியை மற்றவர் கேட்க முடியாதபடி கட்டு இறுகிக் கிடந்தது.

கட்டை அவிழ்த்தது வேறு ஊர், வேறு மிஷன். மதுரையில் இருந்த அமெரிக்கன் மிஷன், சாதி விஷயத்தில் தஞ்சாவூர்க்காரர்களைவிடக் கடுமையானது. 1847-இல், சாதியை விட உடன்படாத தன் ஊழியர்களையே விலக்கிய மிஷன் அது. அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்ற மிஷனரி, ஜனங்கள் ஞானப்பாட்டில் தூங்கிக் கீர்த்தனையில் விழித்துக்கொள்வதைக் கண்டவர். முதியவரான சாஸ்திரியாரின் பாடல்களைத் தேடிக் கற்று, ராக தாளத்தோடு தொகுத்து, 1853-இல் கீர்த்தனைப் புத்தகமாக அச்சிட்டார். சாதியை ஒழிக்கக் கங்கணம் கட்டிய கைதான் சாஸ்திரியாரின் பாட்டைத் தமிழ்நாட்டுச் சபைகளுக்கெல்லாம் கொண்டுசேர்த்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார். அப்போது அவருக்கு எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வயது.

பின்னால் வந்தவர்கள் அந்தத் திறந்த கதவு வழியாக வந்தவர்கள்தான். பாளையங்கோட்டைப் பக்கத்து எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) வைணவக் குடும்பத்தில் கம்பனைக் குடித்து வளர்ந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். இரட்சணிய யாத்திரிகம் பாடி 'கிறிஸ்தவக் கம்பர்' ஆனார். அவருடைய "சத்தாய் நிஷ்களமாய்" பாட்டைக் கண்மூடிப் பாடும் சபையில் உட்கார்ந்து கேட்டால், தேவாரத்துக்கும் அதற்கும் தூரம் அதிகம் இல்லை என்பது தெரியும். தஞ்சாவூரில் சித்த வைத்தியராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) கீர்த்தனைகளும் எழுதி, 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை ஆராய்ச்சிப் பெருநூலையும் வெளியிட்டார். சாஸ்திரியார் வம்சத்தார் பட்டத்தைத் தொடர்ந்து காலட்சேபம் நடத்தி வந்தார்கள்.

கச்சேரி மங்களத்தோடு முடியும், காலட்சேபமும் மங்களத்தோடு முடியும். கோயில் ஆராதனையும் அப்படியே முடிய வேண்டும் என்று தஞ்சாவூரில் ஒருவர் நினைத்ததால்தான் எங்கள் ஊர்க் கல்யாணத்தில் அந்தப் பாட்டு. எங்கள் ஊர்ச் சபை யாருடைய சபை என்றால், 1829-இல் தஞ்சாவூர்க் கோயிலில் மறுபக்கம் உட்கார வைக்கப்பட்டிருப்பார்களே, அவர்களுடைய சபை. ஆச்சியின் பாட்டனார் காலத்தில் பக்கத்து ஊர்க் கோயிலில் எங்கள் ஆட்களுக்குத் தனி வாசல் இருந்ததாம்.

ஆச்சி படுக்கையில் விழுந்த வருஷம் ஒருநாள் இதையெல்லாம் படித்துவிட்டு வந்து அவளிடம் சொன்னேன். சீரேசு நாதனுக்குப் பாட்டுக் கட்டினவர் யார், அவர் என்ன எழுதினார் என்று. முழுவதும் கேட்டாள்.

"அந்த மனுசரு நம்மளோட உக்கார மாட்டேன்னா சொன்னாரு?"

"ஆமா ஆச்சி."

ரொம்ப நேரம் மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பாடு பாப்போம்" என்றாள். பாடினேன். முதல் சரணம் தாண்டியதும் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"இழுக்காத. தாளத்த விட்டுட்ட. திரும்ப முதல்ல இருந்து எடு" என்று சொல்லி, கட்டில் சட்டத்தில் விரலால் தட்டத் தொடங்கினாள்.